பிள்ளைகள் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும்போது: உங்கள் கேள்விகளுக்கு ஒரு உளவியலாளரின் பதில்கள்

ஆரம்பிக்கும் முன் ஒன்று. நான் மருத்துவ உளவியலாளர், மாத்திரை எழுதும் டாக்டர் இல்லை. கேள்வியில் பிள்ளையின் பெயர், பள்ளி, ஊர் எதுவும் வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்று இப்போதே தோன்றினால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

மகளுக்கு 13 வயது. முன்கையில் கீறல்கள். கேட்டால் பூனை பிறாண்டியது என்கிறாள், எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. சாக நினைக்கிறாளா மேடம்?

பெரும்பாலான பிள்ளைகள் சாவதற்காக இதைச் செய்வதில்லை அம்மா. தாங்க முடியாத ஒரு உணர்ச்சியைக் கொஞ்ச நேரமாவது அடக்கத்தான் செய்கிறார்கள். 2013-இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலிலும் தற்கொலை எண்ணம் இல்லாத சுயகாயத்தை, மேலும் ஆராய வேண்டிய ஒன்றாகத் தனியாகத்தான் வைத்தார்கள். அதற்காக லேசாக விடவும் முடியாது, ஏனென்றால் இது திரும்பத் திரும்ப நடக்கும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான ஆபத்து கூடுகிறது. அதனால் நேராகவே கேளுங்கள்: "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

பேசும்போது பாட்டி, அப்பா என்று கூட்டம் கூட வேண்டாம். சட்டைக் கையைச் சுருட்டிப் பார்க்க வேண்டாம். "என் தலையில் அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சத்தியத்தை மீறிவிட்டால் அடுத்த முறை குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும், உங்களிடம் சொல்லவும் மாட்டாள்.

காரணம் என்ன, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். செல்போன்தானே?

ஒன்று என்று சொல்லத் தெரிந்தால் எங்கள் தொழில் எவ்வளவோ சுலபமாகியிருக்கும். எந்த ஒரு காரணியும் தனியாக நின்று இந்தப் பிள்ளை செய்யும், அந்தப் பிள்ளை செய்யாது என்று சொல்வதில்லை. பல விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, வகுப்பில் கேலியும் ஒதுக்கலும், சின்ன வயதில் அடி அல்லது பாலியல் கொடுமை, அப்புறம் பலரும் கணக்கிலேயே எடுக்காத ஒன்று, வருடக்கணக்கில் வார்த்தையால் குத்துவது. "உன்னைப் பெத்ததுக்கு" என்று ஆரம்பிக்கும் வசனங்களை நாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம்!

இதெல்லாம் இருந்தும் ஒன்றும் செய்துகொள்ளாத பிள்ளைகளே அதிகம். நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்களை. பிள்ளைக்குத் தன் உணர்ச்சி என்னவென்று தெரிகிறதா? "என்னமோ மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் சொல்ல வராத பிள்ளைக்குக் கோபம், வெட்கம், பயம் எல்லாம் ஒரே கொதிப்புதான். இரண்டாவது, தன்னைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்பது. தன்மேல் வெறுப்பு முற்றிப்போன பிள்ளை, வலி தனக்குக் கிடைக்க வேண்டிய தண்டனை என்றே நம்பிவிடும்.

செல்போனுக்கும் பங்கு உண்டு: கெட்டுப்போகும் தூக்கம், கண்ணில் படும் படங்கள், குழுவில் நடக்கும் கேலி. ஆனால் பிடுங்கி வைத்தால், நள்ளிரவில் பேசக் கிடைத்த ஒரே தோழியையும் சேர்த்துப் பிடுங்கியதாகிவிடும்.

பத்தாம் வகுப்பு ஆசிரியை நான். முதல் மதிப்பெண் எடுக்கும் பெண் இப்படிச் செய்கிறாள். நம்பவே முடியவில்லை.

எனக்கு ஆச்சரியமில்லை டீச்சர். 94 வாங்கிய விடைத்தாளில் போன ஆறு மதிப்பெண்ணை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் "வேஸ்ட்" என்று தன்னையே திட்டி எழுதும் பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் யாரும் திட்டியிருக்கக்கூட மாட்டார்கள். பாராட்டும்போது மதிப்பெண்ணை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசிப் பாருங்கள், அவள் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

எல்லாம் சீன் போடுவதுதான் சார், இரண்டு போட்டால் சரியாகும்.

முதலில், நான் சார் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் இதை மறைக்கிறார்கள், கவனம் தேடுகிறவர் ஏன் மறைக்க வேண்டும்? ஒருவேளை காட்டினாலும், வேறு வழியில் கேட்டுக் கிடைக்காததைத்தான் கேட்கிறது. அடித்தால் தன்மேல் இருக்கும் வெறுப்புக்கு நீங்களும் கையெழுத்துப் போட்டதாக ஆகும்.

விடுதிக் காப்பாளர். ஒரு பெண் செய்தாள், ஒரே மாதத்தில் இன்னும் நான்கு பேர்.

பரவக்கூடியதுதான், நெருங்கிய தோழிகள் செய்வது பெரிய ஆபத்துக் காரணி. பிரேயரில் நிற்க வைத்து உபதேசம் செய்யாதீர்கள், அதுவே விளம்பரம். எப்படிச் செய்தார்கள் என்ற பேச்சு விடுதிக்குள் சுற்றாமல் பாருங்கள். ஐந்து பேரிடமும் தனித்தனியாகப் பேச ஆள் ஏற்பாடு செய்யுங்கள், ஐந்து பேருக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும். டி.சி. கொடுத்து அனுப்புவது உங்கள் தலைவலியை மட்டுமே தீர்க்கும்.

பையனுக்கு 15. கோபம் வந்தால் சுவரில் குத்திக் கையைப் புண்ணாக்கிக்கொள்கிறான். இதுவும் இதில் சேருமா?

சேரலாம். பையன்களிடம் இதை "கோபக்காரன்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். குத்துவதற்கு முன் யார் முன்னால் அவமானப்பட்டான் என்று பாருங்கள், கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் அதுதான் கிடக்கும்.

எனக்கு 16 வயசு. நான்தான் அது. நிறுத்த முடியல. அம்மாகிட்ட சொன்னா அப்பாவுக்குப் போயிடும்.

எழுதினதுக்கு நன்றி. நிறுத்த முடியாதது உன் பலவீனம் இல்லை. செய்தவுடன் மனசு சில நிமிடம் அடங்குகிறது, அந்த நிம்மதிதான் மறுபடி இழுக்கிறது. அப்புறம் வெட்கம் வந்து அதுவே அடுத்த கொதிப்பாகிறது, சரியா? அந்த உந்துதல் அலை மாதிரி, ஏறி இறங்கும். ஏறும்போது தனியாக இருக்காதே, ஹாலுக்கு வா, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவு, யாருக்காவது போன் செய்.

வீட்டில் வாயால் சொல்ல வராவிட்டால் இங்கே எழுதிய முதல் மூன்று வரியை அம்மாவிடம் காட்டு. அம்மா சரிப்படாது என்றால் சித்தி, டீச்சர், யாராவது ஒரு பெரியவர். வீட்டிலேயே உன்னை யாராவது துன்புறுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098. சாகணும் என்று தோன்றினால் இன்று இரவே 14416, நாளைக்கு என்று தள்ளாதே.

மாத்திரை உண்டா? குணமாகுமா?

இதற்கென்று தனி மாத்திரை இல்லை, கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருத்துவர் மருந்து தரலாம். முக்கியமானது பேச்சு சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. என்ற முறையை, அதாவது கொதிக்கும் உணர்ச்சியைத் தாங்கவும் கையாளவும் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சையை, நார்வேயில் 77 வளரிளம் பருவத்தினரிடம் 19 வாரம் சோதித்தார்கள், முடிவு 2014-இல் வந்தது, வழக்கமான சிகிச்சையைவிடச் சுயகாயம் நன்றாகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வளரிளம் வயதில் செய்துகொண்டவர்களில் 90% பேர் இருபதுகளில் செய்யவில்லை. ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் பலருக்குத் தொடரலாம், அதனால் காயம் நின்றதும் சிகிச்சையை விடாதீர்கள். கையில் காசில்லை என்றால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

அண்ணன் மகள் மூன்று மாதம் செய்யாமல் இருந்தாள், நேற்று மறுபடி. எல்லாம் வீணா அக்கா?

இல்லைப்பா, மூன்று மாதம் அவள் தாங்கியது நிஜம். "ஏன் செய்தாய்" என்று கேட்காதே, அதற்கு அவளிடம் பதில் இருக்காது. நேற்றுக் காலையிலிருந்து என்ன நடந்தது, எந்த நேரத்தில் மனசு மாறியது, தூங்கினாளா, யார் என்ன சொன்னார்கள் என்று அவளோடு உட்கார்ந்து வரிசையாக எழுதி, அடுத்த சிகிச்சைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோகச் சொல்.