செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை என்றால் ஈசியூ போய்விட்டதா?

கேள்வி: குளச்சலில் இருக்கிறோம். எங்களிடம் 2006 மாடல் வேகன் ஆர், பெட்ரோல் வண்டி. இரண்டு மாதமாக, மழை பெய்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகும். போன வாரத்திலிருந்து செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவே இல்லை. சாவி போட்டால் ஆயில், பேட்டரி விளக்குகள் எரிகின்றன; செக் எஞ்சின் விளக்கு மட்டும் எரியவில்லை. மார்த்தாண்டத்தில் பார்த்த மெக்கானிக், ஈசியூ (எஞ்சினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது, பழையது ஒன்று வாங்கிப் போடலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். சாவி போட்டதும் செக் எஞ்சின் விளக்கை எரிய வைப்பது ஈசியூதான். அந்த விளக்கின் பல்பே போயிருந்தால் ஒழிய, அது எரியவில்லை என்றால் ஈசியூ விழிக்கவில்லை என்று பொருள். பெட்டிக்குள் கோளாறு இருந்தாலும் விழிக்காது, பெட்டிக்குக் கரண்டோ எர்த்தோ போகாவிட்டாலும் விழிக்காது. மழைக்கு அணைவதும், காய்ந்தால் ஓடுவதும் இரண்டாவது காரணத்தையே காட்டுகின்றன. உப்புக்காற்று அடிக்கும் குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் முதலில் கெடுவது எர்த் போல்ட்டும், கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளக்) பின்னும்தான். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த வயரை முதலில் தேடச் சொல்லியிருப்போம்.

சாவியை ஆன் செய்துவிட்டுப் பின்சீட்டில் காதை வையுங்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோல் மோட்டார் இரண்டு மூன்று விநாடி ரீங்காரமிட்டு நிற்க வேண்டும். அதுவும் கேட்கவில்லை என்றால் இன்ஜெக்ஷன் ஃப்யூஸையும், ஈசியூவுக்குக் கரண்ட் திறந்துவிடும் சுவிட்சான மெயின் ரிலேயையும் பாருங்கள். ஃப்யூஸைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. அதன் கால்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். ரிலேயை அதே வகை நல்ல ரிலே ஒன்றோடு மாற்றிப் போட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

அடுத்த சோதனையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கப்ளர் பின்னில் மல்டிமீட்டரை வைக்கிறார்கள், 12 வோல்ட் காட்டுகிறது, கரண்ட் வருகிறது, ஆகவே ஈசியூதான் என்று முடித்துவிடுகிறார்கள். உள்ளே அரித்துப்போய் ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும் மீட்டர் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். அதனால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்து அதைக் கொண்டு பாருங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றி, கிளவ் பாக்ஸ் பக்கம் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஈசியூவின் கப்ளரை உருவி, மைனஸைத் திரும்பப் போட்டபின் இதைச் செய்ய வேண்டும். நேரடி பேட்டரி பின்னில் சாவி போடாமலும், இக்னிஷன் பின்னில் சாவி போட்டதும் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கலாகச் சிவந்து நின்றால் அந்த வயரில்தான் நோய். எர்த் பின்களுக்கும் அதே சோதனை: பல்பின் ஒரு முனை பேட்டரி பிளஸில், மறுமுனை எர்த் பின்னில். மெயின் ரிலேயை ஈசியூவே இழுக்கும் மாடல்களில் கப்ளரைக் கழற்றினால் ரிலே இழுக்காது. அப்போது ரிலேயை எடுத்துவிட்டு, சாக்கெட்டின் 30, 87 பின்களை ஃப்யூஸ் உள்ள வயரால் இணைத்துப் பாருங்கள்.

பின் எண்களை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் பார்த்தே எடுக்க வேண்டும், வயர் நிறத்தை நம்பிக் குத்தக் கூடாது. சென்சார் வயர்களில் இந்தப் பல்பை வைக்கவே கூடாது.

எர்த் மோசமாக இருந்தால் எஞ்சினிலும் பாடியிலும் உள்ள எர்த் போல்ட்டுகளைக் கழற்றி, லக்கையும் (வயர் முனையில் உள்ள வளையம்) அது உட்காரும் இடத்தையும் உலோகம் மின்னும் வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். கப்ளரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஈசியூ எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே மீட்டர் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. கப்ளர் பின்களில் பச்சைப் பொடி இருந்தால் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் போதும். உப்புத்தாள் போட்டால் முலாம் போய், அடுத்த மழைக்குள் மறுபடி பூக்கும்.

கரண்டும் எர்த்தும் சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லையா? இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. ஈசியூ தன் சென்சார்களுக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. த்ராட்டில் சென்சார் கப்ளரில் அது வருகிறதா பாருங்கள். இல்லையென்றால் 5 வோல்ட் வாங்கும் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால், அந்த சென்சாரோ அதன் வயரோதான் ஷார்ட். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் வரவில்லை, அந்த வயரும் பாடியில் ஷார்ட் ஆகவில்லை என்றால், இப்போது ஈசியூ போய்விட்டது என்று சொல்லலாம். மலிவான புளூடூத் ஸ்கேனர் பேசவில்லை என்பதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு பழைய வண்டிகள் பலவற்றோடு அது பேசவே பேசாது.

ஈசியூ உண்மையிலேயே போயிருந்தால், எதனால் போனது என்று கண்டுபிடிக்காமல் அடுத்ததை மாட்டினால் அதுவும் போகும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை ஓம் மீட்டரில் அளந்து பாருங்கள். இந்த வகை வண்டிகளில் பொதுவாக 12 முதல் 16 ஓம் இருக்கும், நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 2, 3 ஓம் என்றால் ஈசியூவுக்குள் அதை இயக்கும் டிரான்சிஸ்டரை எரித்தது அதுதான். இக்னிஷன் காயிலை ஈசியூ நேரடியாக இயக்கும் மாடல்களில் ஷார்ட் ஆன காயிலும் அப்படியே எரிக்கும். ஆல்டர்னேட்டர் 15 வோல்ட்டைத் தாண்டி சார்ஜ் செய்கிறதா, யாராவது பேட்டரியைத் தலைகீழாக ஜம்ப் செய்தார்களா, மைனஸைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தார்களா என்பதெல்லாம் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள். எல்பிஜி கிட் போட்ட வண்டி என்றால் இன்ஜெக்டர் வயரை வெட்டி ஒட்டிய இடங்களைப் பிரித்துப் பாருங்கள். குமரி மாவட்டத்தில் 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய வண்டியா என்பதும் முக்கியம். நனைந்த வயரிங் கிட் வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும்.

பழைய ஈசியூ வாங்குவதானால் ஸ்டிக்கரில் உள்ள எண் முழுவதும், கடைசி எழுத்து வரை, ஒன்றாக இருக்க வேண்டும். கப்ளர் பொருந்துகிறது என்பது பொருத்தமே இல்லை. சாவியில் சிப் உள்ள வண்டி என்றால் வேறு வண்டியின் ஈசியூ உங்கள் சாவியை ஏற்காது. ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஆகி இரண்டு விநாடியில் அணையும். இதற்கு மூன்று வழி: அதே வண்டியிலிருந்து ஈசியூ, இம்மொபிலைசர் பெட்டி (சாவியின் சிப்பைச் சரிபார்க்கும் பெட்டி), சாவிச் சிப் மூன்றையும் சேர்த்து வாங்குவது, டீலரின் ஸ்கேனரில் சாவியைப் புதிதாகப் பதிவது (இதற்கு ஆர்சியும் அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும்), உங்கள் பழைய ஈசியூவின் எட்டுக்கால் மெமரி சிப்பில் இருப்பதை எடுத்துப் புதியதில் எழுதுவது. மூன்றாவதைப் பரிந்துரைக்கிறோம். ஆனால் அதற்குப் பழைய பெட்டி கையில் இருக்க வேண்டும், ஆகவே வண்டி ஓடி ஒரு மாதம் ஆகும் வரை அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

பழுது பார்ப்பதும் நல்ல வழிதான், எரிந்தது ஒரு டிரான்சிஸ்டரோ கசிந்த கெப்பாசிட்டரோ என்றால். போர்டே பச்சையாக அரித்திருந்தால் பணத்தை அதில் போடாதீர்கள்.

மாட்டும்போது மைனஸைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஈசியூவைத் தொடும் முன் பாடியின் வெற்று உலோகத்தில் கையை வையுங்கள், விரல் பின்களில் படக் கூடாது. மாட்டியதும் உடனே செல்ஃப் அடிக்காமல் அரை நிமிடம் சாவியை ஆனில் வைத்து விளக்கும் பெட்ரோல் மோட்டாரும் வருகின்றனவா பாருங்கள். ஸ்டார்ட் ஆனால் ஏசி, ஹெட்லைட் எதுவும் போடாமல், ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். முதல் சில நாள் ஐடில் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம்.

கடைசியாக, மழைக்கு அணைந்த வண்டி என்பதால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள காடியில் இலை அடைத்திருக்கிறதா, ஏசி வடிகால் குழாய் அடைத்து உள்ளே சொட்டுகிறதா என்று பாருங்கள். காடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, கிளவ் பாக்ஸுக்கு அடியில் டார்ச் அடித்துக் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் அதை அடைத்த பிறகே ஈசியூவை மாட்டுங்கள்.