வரிவிலக்கு கிடைக்கும் என்று தொழிலை இடம் மாற்றலாமா?

கேள்வி: ஆறு பேர் வேலை செய்யும் சிறிய அச்சகம் நடத்துகிறேன். நகரத்தில் நலிந்துபோன ஒரு பகுதியை வரிச்சலுகை மண்டலமாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே போனால் ஐந்து வருடம் லாபத்துக்கு வரி இல்லையாம். புது மெஷின் கடன் இருப்பதால் இன்னும் இரண்டு வருடம் லாபம் வராது. அங்கே வாடகையும் கொஞ்சம் கூடுதல். மாறலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். லாபமே இல்லாத இரண்டு வருடத்தில் லாபத்துக்கான வரிவிலக்கால் உங்களுக்கு எதுவும் மிச்சமாகாது. கூடுதல் வாடகையோ முதல் மாதமே கையைவிட்டுப் போகும். அதோடு, சலுகைக் காலம் பெரும்பாலும் நீங்கள் அங்கே தொழில் தொடங்கும் நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். ஐந்தில் இரண்டு வருடம் வீணாகப் போய்விடும்.

ஃபிரான்ஸின் நகர்ப்புற வரிவிலக்கு மண்டலங்களைப் பாருங்கள். 1996-இல் சட்டம் வந்து, 1997-இல் 44 இடங்களில் தொடங்கியது. முதல் ஐந்து வருடம் முழு விலக்கு. அப்புறம் விலக்கு 60, 40, 20 சதவீதம் என்று மூன்று வருடத்தில் இறங்கியது. அதாவது ஏழாம் வருடம் லாபம் 100 என்றால் 60-க்கு வரி கட்ட வேண்டியிருந்தது. விலக்கு பெறும் லாபத்துக்கு உச்சவரம்பும் இருந்தது. லாபம் தாமதமாக வருகிற தொழிலுக்கு இந்த அமைப்பு சாதகமாக இல்லை.

பிரிட்டனில் 1981-இல் வந்த மண்டலங்கள் வேறு வகை. கட்டடத்துக்கான உள்ளாட்சி வரியைப் பத்து வருடம் தள்ளுபடி செய்தார்கள். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டிய வரி அது, அதனால் உங்களைப் போன்றவர்களுக்கு உடனடிப் பலன். ஆனால் மிச்சமான பணத்தில் கணிசமான பகுதி உயர்ந்த வாடகையாகக் கட்டட உரிமையாளர்களிடமே போனது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. நீங்கள் கேள்விப்பட்ட கூடுதல் வாடகைக்கும் காரணம் இதுவாக இருக்கலாம். மண்டல எல்லைக்கு வெளியே, அடுத்த தெருவில் அதே அளவு இடத்துக்கு என்ன வாடகை என்று விசாரியுங்கள். வித்தியாசம் வரிச்சலுகை அளவுக்கு இருந்தால், சலுகை உங்களுக்கல்ல, உரிமையாளருக்குத்தான்.

மூன்றாவது வகை, சம்பளத்தோடு சேர்ந்த சலுகை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்தப் பகுதி மக்களுக்கு நேரடியாக வேலை கிடைக்கிறது, அதற்காகத்தானே இந்த மண்டலமே. அமெரிக்காவில் 1993 சட்டத்தின்படி அமைந்த மண்டலங்களில், ஓர் ஊழியரின் சம்பளத்தில் முதல் 15,000 டாலருக்கு 20 சதவீதம், அதாவது வருடத்துக்கு 3,000 டாலர் வரை, முதலாளியின் வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. ஊழியர் மண்டலத்துக்குள்ளேயே குடியிருக்கவும் வேண்டியிருந்தது, அங்கேயே வேலை பார்க்கவும் வேண்டியிருந்தது. வீடு மாறி எல்லையைத் தாண்டினால் அவருக்கான கழிவு நின்றுவிட்டது. உங்கள் மண்டலத்திலும் இப்படி ஒரு சலுகை இருந்தால், உங்கள் ஆறு பேரின் முகவரியை இப்போதே எழுதி வைத்துப் பாருங்கள், எத்தனை பேர் தேறுவார்கள் என்று தெரிந்துவிடும்.

எல்லை விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். மண்டலத்தின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதிகாரபூர்வ வரைபடத்தில் உங்கள் கதவு எண் உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே தெருவில் இந்தப் பக்கம் உள்ளே, எதிர்ப்பக்கம் வெளியே என்று இருக்கும். வேறு இடத்திலிருந்து மாறி வரும் பழைய தொழிலுக்குச் சலுகை உண்டா, திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது, நடுவில் காலி செய்தால் வாங்கிய சலுகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களா என்பதையும் வரித்துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சாகக் கிடைத்த பதில் தணிக்கையில் நிற்காது.

சரி, இரண்டு வருடம் கழித்துக் கடன் குறைந்து லாபம் எட்டிப் பார்க்கும்போது, மண்டலத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இன்னும் அனுமதி இருந்தால், அன்றைய வாடகையை வைத்து இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். அதுவரை எந்த வாடகை ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.