பெருவிரல் படும் இடம்

அன்புள்ள அண்ணா,
எலக்ட்ரிக் கிட்டார் பழகி இரண்டு வருசம். பிஞ்ச் ஹார்மோனிக் (கம்பியைத் தட்டும்போதே பெருவிரல் ஓரமும் பட்டு எழும் உச்சக் கூவல்) பத்துத் தடவைக்கு ஒருமுறைதான் வருகிறது. வந்தாலும் கீச்சென்று கத்திவிட்டு அடங்கிவிடுகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் நல்ல டிஸ்டோர்ஷன் பெடல் வாங்கினால் சரிவருமா? கம்பியைத் தட்டும் வில்லை, எந்த பிக் நல்லது?
- ஒரு வாசகர், தெஹிவளை

அன்புள்ள தம்பி,

பிக் எதுவானாலும் பரவாயில்லை, நுனி மட்டும் வெளியே தெரியப் பிடி. ஆம்ப் எனும் ஒலிபெருக்கியில் கெயின் (பெருக்கம்) ஏற்றினால், கம்பி முடியும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்அப்புக்கு (ஒலி உணரிக்கு) மாறினால் சத்தம் கூடும், சரி. ஆனால் கை செய்யவேண்டிய வேலைக்குக் கடையில் விலை கேட்கிறாயே, அதுதான் எனக்குக் கோபம்.

2022 மார்ச் கடைசியில் கொழும்பில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. வெள்ளவத்தை வீட்டில் ஆம்பும் இல்லை, ஃபேனும் இல்லை. இருட்டில் மூன்றாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டை (கழுத்திலுள்ள கட்டை) அழுத்திக்கொண்டு, வலது கையை நெல்லளவு நெல்லளவாக நகர்த்தித் தட்டிக்கொண்டிருந்தேன். பிக் கம்பியை விட்ட கையோடு பெருவிரலின் ஓரச் சதை பட்டு விலகவேண்டும். ஓரிடத்தில் வெறும் 'டொக்'. கொஞ்சம் தள்ளினால், ஆம்ப் இல்லாமலே, நுளம்பு பாடுவதுபோல மெல்லிய கூவல். அது கம்பிக்குள்ளேயே இருக்கிறது, தம்பி!

அதிரும் நீளத்தைச் சமமாகப் பிரிக்கும் புள்ளிகளில்தான் அது இருக்கிறது. 648 மில்லிமீற்றர் கம்பியை எந்த ஃப்ரெட்டும் அழுத்தாமல் தட்டினால் கால்வாசிப் புள்ளி பிரிட்ஜிலிருந்து 162 மில்லிமீற்றரில். ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தினால் அதே புள்ளி 121க்கு வந்துவிடும். நாலு சென்ரிமீற்றர்! இடது கை மேலும் கீழும் ஓட, நீ வலது கையை ஒரே இடத்தில் நட்டுவைத்திருக்கிறாய். பத்தில் ஒன்பது வராமல் போவது அதனால்தான். ஃப்ரெட் மாறினால் பெருவிரலும் மாறவேண்டும். இதை எத்தனை தடவையும் சொல்வேன்.

அடங்கிப்போவது வேறு கதை. என் பெரியம்மா வீணை வாசிப்பவர். ஒரே மீட்டலில் கம்பியை இழுத்து மூன்று சுரம் எடுப்பார். அந்த இருட்டில் அடுத்த அறையிலிருந்து என் கூவலைக் கேட்டுக்கொண்டிருந்தவர், மெழுகுதிரியோடு வந்து நின்று கேட்டார்: "ஏன் பிள்ளை அதை விட்டனீ? இழு, இன்னும் இழு."

இழுத்தேன். அடிச்சுரம் ஏற ஏற அந்தக் கூவலும் கூடவே ஏறியது, நடுங்கியது. இந்தக் கீச்சுக்குப் பேர்போன கிட்டார்காரர் சாக் வைல்டைக் கேட்கும்போது கீச்சை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு இடது கை கம்பியை ஆட்டும் அகலத்தைக் கேள்.

இன்றிரவு ஆம்பை அணைத்துவிட்டு மூன்றாம் கம்பியில் தொடங்கு.