வாசகர் கேள்வி – பதில்: மாடி வீட்டு மழையும் கீழ் வீட்டு மழையும்

கேள்வி: 2015 வெள்ளத்தின்போது அடையாற்றை ஒட்டிய ஒரு குடியிருப்பில் நாங்கள் இரண்டாம் மாடியில் இருந்தோம், இன்றும் அங்கேயே இருக்கிறோம். கீழ்வீட்டு அம்மா, வானிலை எச்சரிக்கை வந்தாலே அரிசி மூட்டையையும் தையல் இயந்திரத்தையும் கட்டில்மேல் ஏற்றிவைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கிறார். “எல்லோரும்தானே பட்டோம், இன்னுமா?” என்று என் வீட்டார் சலித்துக்கொள்கிறார்கள். நான் அவருக்கு எப்படி ஆதரவாக இருப்பது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: எல்லோரும் பட்டது உண்மைதான். டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு அடையாறு கரைபுரண்டபோது, மின்சாரமும் பாலும் இன்றி, உயிரோடிருக்கிறோம் என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூட வழியின்றி மாடிவாசிகள் தவித்ததை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால், தண்ணீர் வடிந்த அன்று உங்கள் கஷ்டம் முடிந்தது. அவருக்கோ அன்றுதான் ஆரம்பித்தது. சாக்கடைச் சேறு படிந்த வீட்டிலிருந்து ஊறிப்போன மெத்தையையும் பீரோவில் இருந்த துணிமணிகளையும் தம் கையாலேயே வாரித் தெருவில் குவித்திருப்பார். தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது; கல்யாண ஆல்பத்துக்கு எந்த முகாமில் போய் நிற்பது?

அவரைவிடவும் அதிகம் இழந்தவர்கள் ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தார்கள். குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அவர்களில் பல குடும்பங்கள் பின்னர், நகரின் தென்கோடியில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் அனுப்பப்பட்டன. நகரத்து வீடுகளில் வேலை செய்துவந்த பெண்கள், பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் கட்டுப்படியாகாமல் அந்த வேலையையே விட நேர்ந்தது. உங்கள் வீட்டில் வேலை செய்தவரும் அப்படி நின்றுபோயிருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

கீழ்வீட்டு அம்மாவின் அச்சத்தை வீண் பயம் என்று சொல்வதற்கும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் மறுபடியும் தண்ணீர் புகுந்ததே! பொருளைக் கட்டில்மேல் ஏற்றுவது, என்னைக் கேட்டால், புத்திசாலித்தனம். தூக்கமின்மைதான் கவனிக்க வேண்டியது. மழைக்காலம் போன பிறகும் அது நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அவர் பேசும்போது “எங்களுக்கும்தான்” என்று இடையில் புகாதீர்கள்; “உயிர் தப்பியதே பெரிது” என்பதையும் தவிர்த்துவிடுங்கள், அது ஆறுதல்போல ஒலித்தாலும் கேட்பவரின் வாயை அடைத்துவிடும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே கீழே இறங்கிப் போய், “பத்திரங்களையும் தையல் இயந்திரத்தையும் மழை முடியும்வரை எங்கள் வீட்டில் வைத்துவிடுங்கள் அம்மா, எச்சரிக்கை வந்தால் இரவு நீங்களும் மேலே வந்து படுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லுங்கள். இயந்திரத்தை மாடிக்குத் தூக்கிவரும் வேலையை, சலித்துக்கொள்ளும் உங்கள் வீட்டாரிடமே ஒப்படைக்கலாம்.