எட்னாவில் 80 வயது நெரெல்லோ கொடிகள், இலையில் புலிவரி: பிடுங்கலாமா, காப்பாற்றலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். பலெர்மோவில் பல வருடம் வேலை செய்துவிட்டு, இப்போது சிசிலித் தீவின் எட்னா எரிமலையின் வடக்குச் சரிவில், ராந்தாஸ்ஸோ பக்கம், அரை ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். சுமார் 750 மீட்டர் உயரம். பெரும்பாலும் நெரெல்லோ மஸ்கலேசே என்ற சிவப்புத் திராட்சை ரகம், 80 வயதுக்கு மேல் என்கிறார் நிலத்துக்காரர். போன ஜூலைக் கடைசியில் சில கொடிகளின் இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளும் சிவப்புமாக வரி விழுந்து ஓரம் கருகியது. ஆகஸ்டில் மூன்று கொடிகள் குலையோடு திடீரென்று வாடிச் செத்துவிட்டன. ஐந்தில் ஓரிடம் ஏற்கெனவே காலி. பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாவற்றையும் இயந்திரம் விட்டுப் பிடுங்கி, கம்பி கட்டிப் புதுக் கன்று வைக்கச் சொல்கிறார். ஆனால் பல வருடம் வைத்துக் குடிக்கிற சிவப்பு வைனுக்காகப் பழைய கொடியின் பழத்துக்குக் கூடுதல் விலை தர ஒரு வைன் நிறுவனம் தயாராக இருக்கிறது. இது தொற்று நோயா? காப்பாற்ற முடியுமா? காலி இடத்தில் புதுக்கொடி வந்தால் "பழைய கொடி" என்ற பேர் போய்விடுமா?

பதில்: வணக்கம். பிடுங்க வேண்டாம். காலி இடத்தை நிரப்பலாம், நோய் வந்த கொடியை ஒவ்வொன்றாகக் கவனிக்கலாம், ஆனால் இயந்திரத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள். ஒரு முறை பிடுங்கிவிட்டால் உங்கள் காலத்தில் அது திரும்பி வராது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது எஸ்கா நோய். இலை நரம்பையொட்டிப் பச்சை ஒரு கோடாக நிற்கும், நடுவில் உள்ள சதை காய்ந்து பழுப்பாகி அதைச் சுற்றி மஞ்சள், சிவப்பு விளிம்பு கட்டும், அதனால்தான் புலிவரி மாதிரி தெரிகிறது. ஆனால் சிவப்புத் திராட்சையில் இலை சிவந்தால் உடனே எஸ்கா என்று முடிவு கட்டக் கூடாது. இலைச்சுருள் வைரஸ் வந்தாலும் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி சிவப்பாகவும் ஆகும். அதில் இலை ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருளும், ஒரேயடியாகக் கருகாது, செப்டம்பர், அக்டோபரில்தான் தூக்கலாகத் தெரியும், திடீர்ச் சாவும் இருக்காது. உங்களுக்கு மூன்று கொடிகள் குலையோடு காய்ந்துவிட்டன என்பதால்தான் எஸ்கா என்கிறேன். உறுதி வேண்டுமென்றால் செத்த மூன்றில் ஒன்றின் தண்டைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் வட்டமாகவோ வரிசையாகவோ இருக்கும், நடுவில் வெளிர் மஞ்சளாக, விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும் மக்கிய மரம் இருக்கும், அதற்கும் நல்ல மரத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடும். இது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தொற்றா என்று கேட்டீர்கள். இலையிலிருந்து இலைக்குத் தாவாது. இதற்குக் காரணம் ஒரு பூஞ்சை அல்ல, தண்டுக்குள் வாழும் பல பூஞ்சைகள் சேர்ந்த வேலை. மழை ஈரத்தில் அவற்றின் வித்துகள் காற்றில் வந்து கவாத்துக் காயத்தில் இறங்கும், பிறகு பல வருடம் சத்தமில்லாமல் மரத்தைத் தின்னும். 80 வருடக் கொடி என்றால் 80 கவாத்து, எத்தனை காயம் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு விஷயம், ஒரு வருடம் வரி காட்டிய கொடி அடுத்த வருடம் ஒன்றுமே நடக்காதது போலப் பச்சையாக நிற்கும். குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை தோட்டத்தைச் சுற்றி, வரி காட்டிய கொடிக்கெல்லாம் நிற நாடா கட்டி, ஒரு வரைபடத்தில் குறித்து வையுங்கள். வருடா வருடம் அதே தாளில்.

வைத்தியத்துக்கு முன்னால் ஒரு சோதனை அவசியம். உங்கள் கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றனவா, ஒட்டுக் கொடிகளா? ஐரோப்பியத் திராட்சையின் வேரைத் தின்னும் ஃபில்லோக்செரா பூச்சி 1880-ல் சிசிலியில் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் பிறகு ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டியவைதான். ஆனால் எரிமலை மணலும் பொரிக்கல்லும் நிறைந்த மண்ணில் அந்தப் பூச்சி சரியாகப் பரவ முடிவதில்லை, அதனால்தான் எட்னாவின் உயரமான சில துண்டு நிலங்களில் பூச்சி வருவதற்கு முந்தைய கொடிகளும், பின்னால் ஒட்டில்லாமலே வைத்த கொடிகளும் இன்னும் பிழைத்து நிற்கின்றன. நாலைந்து கொடிகளின் அடியில் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். ஒட்டுப் போட்ட இடம் முண்டாகப் பருத்திருக்கும். அடியிலிருந்து கிளம்பும் தளிரின் இலையையும் மேலே உள்ள இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் சொந்த வேர். இலை சின்னதாகப் பளபளவென்று வேறு மாதிரி இருந்தால் அது அமெரிக்க வேர்ச்செடியின் தளிர்.

சொந்த வேர் என்றால் உங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். தண்டு முழுக்க மக்கியிருந்தாலும் அடியிலிருந்து வரும் தளிர் அதே நெரெல்லோதான். நோய் வந்த கொடியில் அப்படி ஒரு நல்ல தளிரை விட்டு, ஒரு கம்பு நட்டுக் கட்டி, ஒன்றிரண்டு வருடம் வளரவிட்டு, அது தடித்ததும் பழைய தண்டை நல்ல மரம் தெரியும் வரை அறுத்து எடுத்துவிடலாம். தண்டு புதிது, வேர் உங்கள் தாத்தா காலத்தது. ஒட்டுக் கொடியாக இருந்தால் ஒட்டுக்கு மேலே கிளம்பும் தளிரை மட்டும்தான் இதற்கு எடுக்க வேண்டும்.

இன்னொரு வழி தண்டைத் திறந்து சுத்தம் செய்வது. சின்னக் கை ரம்ப இயந்திரத்தால் பழைய பெரிய காயம் இருக்கும் பக்கமாகத் தண்டைத் திறந்து, பஞ்சான வெளிர் மரத்தை மட்டும் சுரண்டி எடுத்து, உயிருள்ள பட்டையும் அதையொட்டிய மரமும் ஒரு கீற்றாக மேலே வரை அறுபடாமல் இருக்கும்படி விட வேண்டும். தண்டு பாதி காலியாகிப் பார்க்கவே பாவமாக இருக்கும், ஆனாலும் கொடி ஓடும். எல்லாம் பிழைக்காது. பிழைப்பவை பல வருடம் நன்றாகக் காய்க்கும். இந்த வேலை தெரிந்த ஆட்கள் இத்தாலியில் இருக்கிறார்கள், முதல் பத்துக் கொடிகளையாவது அப்படி ஒருவரைக் கூட்டி வந்து, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யுங்கள். மருந்துக் கடையில் எஸ்காவைக் குணப்படுத்தும் என்று யாராவது போத்தலைக் காட்டினால் வாங்காதீர்கள். முன்பு சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். அது மனிதனுக்கே நஞ்சு, 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்கள், அதற்கு ஈடாக இன்று வரை ஒன்றும் வரவில்லை.

நல்ல கொடிகளைக் காப்பதுதான் உண்மையான வேலை, அது முழுக்கக் கவாத்தில் இருக்கிறது. ஊரில் பந்தல் முந்திரிகையைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள், வருடத்துக்கு இரண்டு தடவை கவாத்து, துணிந்து வெட்டுவது என்று கை பழகியிருக்கலாம். இங்கே ஒரே தடவைதான், அதுவும் தனித்தனிக் கம்பில் குட்டையாக நிற்கும் அல்பெரெல்லோ முறைக் கொடி. முடிந்த வரை பிந்தி, பிப்ரவரி கடைசி, மார்ச்சில், சாறு ஏறத் தொடங்கும் சமயம், மழையில்லாத நாட்களாகப் பார்த்து வெட்டுங்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் ஆன குச்சியில்தான் வெட்டு விழ வேண்டும். கட்டை விரலை விடத் தடித்த மரத்தை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டோடு ஒட்டி வெட்டாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கட்டை விடுங்கள், காய்வது அந்தக் கட்டைக்குள்ளேயே நின்றுவிடும். வெட்டிய அன்றே காயத்தில் ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தெளிக்கலாம், அது வந்த நோயை ஆற்றாது, புதிதாக வருவதைக் குறைக்கும். நோய் வந்த கொடிகளைக் கடைசியாக வெட்டி, குச்சியையும் செத்த தண்டையும் தோட்டத்தில் குவித்து வைக்காமல் வெளியேற்றிவிடுங்கள்.

அடுத்து காலி இடம். மண் மணலாக, கொடிகள் சொந்த வேரில் இருந்தால் நர்சரிக்குப் போக வேண்டாம், பதியன் போடுங்கள். அந்த ஊர்ப் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்தது இதுதான். மூன்று பருவமாவது புலிவரியோ இலைச்சுருளோ காட்டாத பக்கத்துக் கொடியில் ஒரு நீளமான, திடமான குச்சியைக் கவாத்தின்போது வெட்டாமல் விட வேண்டும். தாய்க்கொடியிலிருந்து காலி இடம் வரை ஒரு முழத்துக்குக் குறையாத ஆழத்தில் வாய்க்கால் தோண்டி, அடியில் மக்கிய எரு போட்டு, குச்சியை ஒடியாமல் வளைத்துப் படுக்க வைத்து, நுனியில் இரண்டு மொட்டுக் கண் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிய ஒரு கம்போடு நிமிர்த்திக் கட்டுங்கள். தாய்க்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள கண்களை விரலால் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அங்கேயே தளிர் விட்டு நுனி பட்டினி கிடக்கும். இரண்டு மூன்று வருடம் தாயே சோறு போடும், அப்புறம் தொப்புள் கொடியை அறுக்கிற மாதிரி அறுத்துவிடலாம். பெரிய கொடிகளின் வேருக்கு நடுவில் நட்ட சின்னக் கன்று தண்ணீருக்குத் தவித்தே செத்துப்போகும், பதியனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உங்கள் மண்ணில் களி அதிகம், கொடிகள் ஒட்டுக் கொடிகள் என்று தெரிந்தால் மட்டும் ஒட்டுக் கன்று வாங்குங்கள். 1103 பவுல்சென், 140 ருஜ்ஜேரி இரண்டும் சிசிலியிலேயே உருவாக்கிய வேர்ச்செடிகள், வறட்சி தாங்கும். மேலே ஒட்டும் குச்சி உங்கள் தோட்டத்து நல்ல கொடியிலிருந்தே போகட்டும், ஒட்டுவதற்கு முன் வைரஸ் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 80 வருடத் தோட்டத்தில் நெரெல்லோ மஸ்கலேசே மட்டும் இருக்காது. நடுநடுவே நெரெல்லோ கப்புச்சோ, வெள்ளையில் கரிக்காந்தே, மின்னெல்லா, ராந்தாஸ்ஸோ பக்கம் சிவப்பில் அலிகாந்தே என்று கலந்திருக்கும், ஒரே ரகத்துக்குள்ளேயும் ஒன்று நெருக்கமான குலை, ஒன்று தளர்ந்த குலை என்று பல முகம் இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லும் புதுக் கன்று பெரும்பாலும் ஒன்றிரண்டு தேர்ந்த குளோன்களாக, அதாவது ஒரே தாய்க்கொடியின் நகல்களாகத்தான் வரும். இயந்திரம் போக வேண்டுமென்று எரிமலைக் கல் அடுக்கிய படிகளையும் உடைப்பார்கள். அந்தப் படியைத் திரும்பக் கட்டக் கொத்தனார் கிடைப்பதே பெரும்பாடு.

இப்போது வைனுக்கு வருவோம், விலை அங்கேதான் இருக்கிறது. கொடிக்கு வயதானால் பழம் தானாகவே உயர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வயதான கொடி குறைவாகக் காய்க்கும், வேர் ஆழத்தில் இருப்பதால் ஆகஸ்ட் வெயிலில் சோர்ந்து நிற்காது, தடித்த தண்டிலும் வேரிலும் சேமிப்பு இருப்பதால் மோசமான வருடத்திலும் பழுப்பதை நிறுத்தாது. நெரெல்லோ மஸ்கலேசேவுக்கு இது மிகவும் தேவை. அக்டோபர் நடுவில், சில வருடம் மாதக் கடைசியில்தான் அறுவடைக்கு வரும், தோலில் நிறம் குறைவு, துவர்ப்பும் புளிப்பும் அதிகம். மரபணுச் சோதனையில் தொஸ்கானா பகுதியின் சாஞ்சொவேசே திராட்சை இதற்கு ஒரு பெற்றோர் என்று தெரிந்திருக்கிறது, அந்தப் புளிப்பும் துவர்ப்பும் அங்கிருந்து வந்திருக்கலாம். விதையும் தோலும் முழுசாகப் பழுக்காமல் பறித்தால் அந்தத் துவர்ப்பு பத்து வருடம் வைத்தாலும் பச்சையாகவே நாக்கைப் பிடிக்கும். பழுத்துப் பறித்தால் அதே துவர்ப்பும் புளிப்பும்தான் வைனைத் தாங்கி நிறுத்துகின்றன, வருடம் போகப் போக நிறம் செங்கல் நிறமாக வெளுத்து, காய்ந்த ஆரஞ்சுத் தோல், புகையிலை, ஈர மண் என்று வாசனை விரிகிறது.

எட்னாவின் சிவப்பு வைனான எட்னா ரோஸ்ஸோவுக்கு 1968-ல் சட்டப்படி வரையறை வந்தது. குறைந்தது 80 சதவீதம் நெரெல்லோ மஸ்கலேசே இருக்க வேண்டும். போத்தலில் ரிசர்வா (கூடுதலாக முதிர வைத்தது) என்று போடுவதென்றால் நான்கு வருடம் முதிர வைக்க வேண்டும், அதில் 12 மாதமாவது மரப் பீப்பாயில். எட்னாவின் கல்தெராரா சொத்தானா என்ற இடத்தில் தெர்ரே நேரே வைன் நிறுவனம் ஃபில்லோக்செராவுக்கு முந்தைய கொடிகளின் பழத்தைத் தனியாக வைனாக்கி, அந்தக் கொடிகளைக் காலமெல்லாம் பராமரித்த தொழிலாளி தோன் பெப்பினோவின் பெயரையே போத்தலில் போட்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது.

எஸ்கா வந்த கொடியின் குலையை ஒருபோதும் நல்ல பழத்தோடு கலக்காதீர்கள். அது சரியாகப் பழுக்காது, சர்க்கரையும் நிறமும் குறையும், கொஞ்சம் கலந்தாலே வைனில் பச்சை வாடை தெரியும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே நாடா கட்டிய கொடிகளின் பழத்தை வெட்டி விலக்கிவிடுங்கள். பதியன்களின் முதல் சில வருடப் பழத்தையும் தனிப் பெட்டியில் போடுங்கள். வாங்குகிறவரிடம் இதை நேராகச் சொல்லுங்கள், விலை பேசும்போது உங்களுக்குத்தான் பலம்.

"பழைய கொடி" பேர் போகுமா என்றால், போகாது. சர்வதேசத் திராட்சை மற்றும் வைன் அமைப்பு 2024-ல் கொடுத்த விளக்கப்படி 35 வயதைத் தாண்டியது பழைய கொடி, ஒரு துண்டு நிலத்தில் 85 சதவீதக் கொடிகளாவது அப்படி இருந்தால் அது பழைய தோட்டம். ஐந்தில் ஓரிடத்தை ஒரே மூச்சில் நிரப்பினால் அந்தக் கணக்கு 80-க்கு இறங்கும், ஆகவே வருடத்துக்குக் கொஞ்சமாக, நல்ல தாய்க்கொடி பக்கத்தில் இருக்கும் இடங்களில் மட்டும் நிரப்புங்கள். அந்த விளக்கம் சட்டம் அல்ல, வாங்குகிற நிறுவனம் எந்தக் கணக்கை வைத்திருக்கிறது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

குத்தகை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நான் சொன்ன வேலை எதுவும் மூன்று, நான்கு வருடத்துக்குள் பலன் தராது. இத்தாலியில் 1982-ன் 203-ஆம் எண் சட்டப்படி விவசாய நிலக் குத்தகையின் இயல்பான காலம் 15 வருடம், குறைத்து எழுதுவதென்றால் இரு தரப்பின் விவசாயச் சங்கங்களும் உடனிருக்க வேண்டும். 15 வருடத்தையே கேளுங்கள். தண்டு புதுப்பிப்பதற்கும் பதியன் போடுவதற்கும் ஆகும் செலவை வாடகையில் கழிக்க முடியுமா என்றும் நிலத்துக்காரரிடம் பேசிப் பாருங்கள்.

இப்போதைக்கு அறுத்த தண்டின் குறுக்கு வெட்டு, அடித் தளிரின் இலை, மேல் இலை, தோண்டிய குழிக்குள் கொடியின் கழுத்து, இந்த நான்கையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தக் கொடிக்கு அடித் தளிர், எந்தக் கொடிக்கு ரம்பம், எதைத் தொடாமல் விடுவது என்று கவாத்துக்கு முன்னால் ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.