நோவாக் என்ற போலந்துக் குடும்பப் பெயர் எப்படி வந்தது, ஏன் இவ்வளவு பேருக்கு இருக்கிறது?

போலிஷ் மொழியில் 'நோவி' என்றால் புதிய; நோவாக் என்றால் ஊருக்குப் புதிதாக வந்தவர், அவ்வளவுதான். தெருவில் புதிதாகக் குடிவந்தவரை 'புது வீட்டுக்காரர்' என்போமே, அப்புறம் பத்து வருஷம் ஆனாலும் அந்தப் பெயர் போகாதே, அதே கதைதான், இங்கே அது பேரப்பிள்ளைகள் வரை ஒட்டிக்கொண்டது. புது ஆள் வராத ஊர் ஏது? அதனால்தான் போலந்தில் இதுவே முதலிடம், சுமார் 2 லட்சம் பேர். கோவால்ஸ்கி மாதிரி சில போலந்துக் குடும்பப் பெயர்கள் பெண்களுக்கு மாறும், கோவால்ஸ்கி வீட்டுப் பெண் கோவால்ஸ்கா ஆவார். ஆனால் நோவாக் பெண்களுக்கும் பொதுவாக மாறாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்களோடு பெயரும் போனது. செக், ஸ்லோவேனியா பக்கமும் இதே போன்ற பெயர் உண்டு.

எல்லா நோவாக்கும் ஒரே வம்சம் என்று நினைப்பது தவறு. ஊர் ஊராகத் தனித்தனியே முளைத்த பெயர் இது.