பைப் கேஸுக்கு மாறியாச்சு, பழைய அலாரம் போதுமா?

கேள்வி: செம்பூரில் இருக்கிறோம். சிலிண்டரை ஒப்படைத்துவிட்டு பைப் கேஸுக்கு மாறினோம். சிலிண்டர் இருந்தபோது அடுப்பு மேடைக்குக் கீழே மாட்டிய கேஸ் அலாரம் அப்படியே இருக்கிறது. அதுவே போதுமா? பகலில் மாமியார் தனியாக இருப்பார். வயதாகிவிட்டதால் வாசனை அவ்வளவாகத் தெரிவதில்லை.
- ஒரு வாசகி, மும்பை

பதில்: போதாது. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையோடு படியும். உங்கள் பைப்பில் வருவது பெரும்பாலும் மீத்தேன். அது லேசானது, மேலே ஏறிக் கூரையடியில் சேரும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். அலாரம் கீழே கிடந்தால் அது கூவுவதற்குள் மேலே அந்த அளவு சேர்ந்துவிடக்கூடும்.

பழையதைக் கழற்றி மேலே மாட்டவும் அவசரப்படாதீர்கள். பெட்டியில் மீத்தேன் அல்லது நேச்சுரல் கேஸ் என்று போட்டிருக்கிறதா, சென்சாரின் ஆயுள் எப்போது முடிகிறது என்று பாருங்கள். சிலிண்டர் கேஸுக்கு மட்டும் செய்ததென்றால் புதிதுதான் வாங்க வேண்டும். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். கூரையிலிருந்து 30 செ.மீ.க்குள் மாட்டுங்கள். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். தாளிக்கிற புகைக்கெல்லாம் கத்தினால் கடைசியில் யாராவது பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கமும், பரணுக்கு அடியிலும் வேண்டாம்.

எனக்குக் கவலை உங்கள் மாமியாரைப் பற்றித்தான். மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. கசிவு தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற ரசாயனத்தைக் கலந்துதான் அந்த நாற்றம் வருகிறது. மூக்கு மந்தமானவருக்கு அதுவும் உதவாது. எனவே நல்ல சத்தமாக ஒலிக்கும் அலாரமாகவே வாங்குங்கள். கசிந்தால் தானாக கேஸை நிறுத்தும் வால்வும் கிடைக்கிறது. ஆனால் பைப்பில் கை வைப்பதை கேஸ் நிறுவன ஆட்களிடமே விடுங்கள்.

அடுப்புக்குப் போகும் வால்வை மாமியாரையே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடி பைப்போடு ஒரே வாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. அலாரம் அடித்தால் லைட், ஃபேன் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேனைக்கூட. கைக்கு எட்டினால் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே வெளியேற வேண்டும். போன் செய்வதும் வெளியே போன பிறகுதான். கேஸ் பில்லில் இருக்கும் அவசர எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவரிடமும் பக்கத்து வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.

பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால் அதற்கு கார்பன் மோனாக்சைடு (கேஸ் சரியாக எரியாதபோது வரும் வாசனையில்லாத விஷவாயு) அலாரம் தனியாக வாங்க வேண்டும். சமையலறை அலாரம் அதைக் கண்டுபிடிக்காது.